வானிலைக்காரி

அதான் தம்பி, நானும் அதைத்தான் சொல்றேன். பாஸ்வேர்டு டைரக்டரம்மாகிட்ட இருக்கு. அவங்க மீட்டிங் முடிஞ்சு வந்துருவாங்க, வந்ததும் நீங்க பாட்டுக்கு அந்த ஸ்கிரிப்டை அணைச்சுட்டுக் கிளம்பலாம். எங்க வெப்சைட்டைச் சோதிக்க வந்து காலையிலேர்ந்து அந்தக் கம்ப்யூட்டரையே முறைச்சுட்டு இருக்கீங்க, கண்ணு என்னத்துக்கு ஆகும்? ஐயையோ, அந்தச் சேர் வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. டீ போடறேன். சர்க்கரை? சரி, கம்மியா.

வழி கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துச்சா? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. போர்டு வைக்கல பாருங்க. வேணும்னுதான் வைக்கல. கீழ மருந்துக்கடைக்காரர்கிட்ட கேட்டீங்கன்னா, மாடியில ஏதோ கணக்கு எழுதுற ஆபீஸு, எனக்குச் சரியாத் தெரியாதும்பார். நாங்கதான் அப்படிச் சொல்லச் சொல்லி வெச்சிருக்கோம். வீட்டுல அடிபடுற பொண்ணுங்க வர்ற இடமாச்சே, புருஷங்காரன் மோப்பம் புடிச்சுப் பின்னாடியே வந்துட்டா? கதவுக்கு ரெண்டு பூட்டு, ஜன்னலுக்கு இந்தக் கனத்துல திரை. பக்கத்து வீட்டு அம்மா இத்தனை வருஷமா என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க, நான் என்ன வேலை பாக்குறேன்னு அவங்களுக்குத் தெரியாது. இவ்வளவு பொத்திப் பொத்தி வெச்சிட்டு, வெப்சைட்டுப் பக்கமா வாசலைத் தொறந்து போட்டிருக்கோம்னு நீங்க சொன்னப்ப டைரக்டரம்மா மூஞ்சி போன போக்கைப் பாத்தீங்களா? நான் பாத்தேன். நல்ல மனுஷி தம்பி. மனசார யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டாங்க.

நானா? நான் இந்த மேஜைதான். வர்றவங்களுக்குக் கதவு தொறக்கிறது, தண்ணி குடுக்கிறது, அழுதாப் பக்கத்துல உக்கார்றது. உள்ள ஃபோன் எடுக்கிற பொண்ணு இருக்கா, படிச்சவ, ஆலோசனை சொல்றது அவ வேலை. எனக்கு வாசல் வேலை.

சரி, நீங்க காலையில சொன்னதை நான் எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன், தப்புன்னா திருத்துங்க. எங்க வெப்சைட்டுப் பக்கத்துல மேல ஓரத்துல ஒரு பொத்தான் இருக்கு இல்லையா, சட்டுனு வெளியேறுன்னு. படிச்சிட்டு இருக்கும்போது புருஷன் வந்துட்டான்னா அதை ஒரு அமுக்கு அமுக்கணும். எங்க பக்கம் மறைஞ்சு அந்த இடத்துல வானிலைப் பக்கம் வந்து நிக்கும். என்னடி பாக்குறன்னு கேட்டா மழை வருமான்னு பாத்தேங்கன்னு சொல்லிக்கலாம். யோசிச்சவங்க புண்ணியவான். அந்தப் பொத்தானுக்கு என்ன கலர் வைக்கிறதுன்னு அப்ப இங்க வேலை பாத்த டிசைனருக்குச் சந்தேகம் வந்துருச்சு. சிவப்பா, சாம்பலா. அதுக்கு ஒரு பரிட்சை வெச்சார். வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு சிவப்பு, பாதிப் பேருக்கு சாம்பல். எதை அதிகமா அமுக்குறாங்கன்னு எண்ணிப் பாக்க வெளியிலேர்ந்து ஒரு கம்பெனியோட ஸ்கிரிப்டு, அதான் அந்தக் குட்டி புரோகிராமு, அதைக் கொண்டுவந்து பக்கத்துக்குள்ள செருகி வெச்சார். சரியா சொல்றேனா?

பரிட்சையில சிவப்பு ஜெயிச்சிருச்சு. கேக்கெல்லாம் வெட்டினோம், நம்புவீங்களா? அந்தா, அந்த அலமாரிப் பக்கம் நின்னு கைதட்டினோம். ஒரு பொம்பளை பயந்து போய் அமுக்கினாத்தானே அதுல ஒண்ணு கூடும்? பயந்தவங்களை எண்ணித்தானே ஜெயிச்சதுன்னு சொன்னோம். அப்ப யாருக்கும் தோணல. எனக்கும் தோணல. கேக்கு நல்லா இருந்துச்சு.

அப்புறம் அந்த டிசைனர் வேற நல்ல வேலை கிடைச்சுப் போயிட்டார். பரிட்சையை முடிச்சு எல்லாத்தையும் சிவப்பா மாத்திட்டு ஸ்கிரிப்டைப் புடுங்கிட்டுப் போயிருக்கணும். மறந்துட்டார். எங்களுக்கு அதெல்லாம் என்ன தெரியும்? பரிட்சை பாட்டுக்கு நடந்துக்கிட்டே இருந்துச்சு. ஜெயிச்சது சிவப்புன்னு தெரிஞ்சும் பாதிப் பொண்ணுங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் அந்த வெளிறிப்போன சாம்பல் பொத்தான்தான்.

அந்தக் கம்பெனி நொடிச்சுப் போய் ஒரு விளம்பரக்காரன் அதை வாங்கினான்னு நீங்க சொல்லித்தான் தெரியும். நாங்க காசு கட்டுறதை எப்பவோ நிறுத்தியாச்சு. ஆனா அது ஓடிக்கிட்டே இருந்துச்சா, டைரக்டரம்மாவே ஒருதடவை சொன்னாங்க, பரவாயில்லையே, ஓசியில ஓடுதேன்னு. ஓசியில எவன் என்ன குடுப்பான் சொல்லுங்க. வந்துட்டுப் போற பொண்ணுங்க முதுகுல எல்லாம் சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு அனுப்பியிருக்கான் படுபாவி. அவங்க அப்புறம் எந்தப் பக்கத்துக்குப் போனாலும் அந்தக் கோட்டைப் பாத்து விளம்பரம் வரும். சமையல் பாக்கப் போனாலும் வரும், பாட்டு கேக்கப் போனாலும் வரும். அப்படித்தானே?

அந்தச் சம்மதக் கேள்வி இருக்கே, பக்கத்தைத் தொறந்ததும் கீழ வருமே, உங்க தகவலை எடுக்கலாமான்னு. சட்டம் வந்துருச்சுன்னு அதை வெச்சோம். வேண்டாம்னு அமுக்கினா எடுக்காதுன்னுதான் நாங்க எல்லாருக்கும் சொன்னோம். ஆனா நீங்க என்ன சொல்றீங்க, அந்த ஸ்கிரிப்டு அதுக்கும் முன்னாடியே மேல எங்கயோ உக்காந்திருக்கு, கேள்வி வர்றதுக்குள்ள அது வேலையை முடிச்சிடும்னு சொல்றீங்க. அப்போ வேண்டாம்னு சொன்னவளும் ஒண்ணுதான், ஆமான்னு சொன்னவளும் ஒண்ணுதான். சரி, சரி, புரியுது.

இந்தாங்க டீ. பாத்து, சூடு.

இதைக் காட்டணும்னு நினைச்சேன். இந்த ஸ்க்ரீன்ல ஓரத்துல பாருங்க, சின்னதா ஒரு கட்டம். அந்த ஸ்கிரிப்டு எண்ணுறதை நாங்க பாக்க டிசைனர்தான் வெச்சுக் குடுத்தார். யாராவது எங்க பக்கத்தைத் தொறந்தா இதுல பச்சையா ஒரு புள்ளி எரியும், டிங்குன்னு ஒரு சத்தம். புது ஆளா பழைய ஆளான்னு சொல்லும், சிவப்புப் பொத்தானா சாம்பலான்னு சொல்லும். பழைய ஆளா இருந்தா ஒரு நம்பர் போடும். நம்பருக்குப் பதிலாப் பேர் வெச்சுக்கலாம்னு ஒரு வசதி.

ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க? நிஜப் பேரா வெச்சோம்? அவங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாதே. சும்மா பட்டப்பேர். வந்த வேகத்துல ஓடிப் போறவளுக்கு ஓட்டக்காரின்னு வெச்சோம். முதல் பக்கத்தையே திரும்பத் திரும்ப வாசிக்கிறவ ஒருத்தி, அவளுக்கு மனப்பாடம்னு பேர். அதுவும் தப்புன்னு எழுதிக்கோங்க, நான் வேணாம்னு சொல்லல. ஆனா நாங்க கேலி பண்ணணும்னு பண்ணலை. இங்க வந்து கேட்டுப் பாருங்க, நாள் முழுக்கக் காதுல விழுறது எல்லாம் ரணம். கொஞ்சம் சிரிக்க ஏதாவது வேணும்ல.

அதுல ஒருத்தி இருந்தா. வானிலைக்காரி. மத்தவங்க பயந்தாத்தான் அந்தப் பொத்தானை அமுக்குவாங்க, இல்லாட்டி சும்மா மூடிட்டுப் போயிடுவாங்க. இவ ஒவ்வொரு தடவையும் அமுக்கித்தான் வெளிய போவா. சாம்பல் பொத்தான் வேற. அதைத் தேடி அமுக்குவா. மத்தியானம் எல்லாரும் சாப்பாட்டு டப்பாவைத் தொறக்கிற நேரமாப் பாத்து டிங்குங்கும். உள்ளேர்ந்து ஃபோன் எடுக்கிற பொண்ணு கேப்பா, என்னக்கா, வானிலைக்காரி வந்துட்டாளான்னு. வந்துட்டாடி, குடை வேணுமான்னு பாக்க வந்திருக்கான்னு நான் சொல்வேன். சிரிப்போம். ஒருநாள் வரலைன்னா சாப்பாடே இறங்காது, என்ன ஆச்சோ ஏதாச்சோன்னு. டைரக்டரம்மாகூட மீட்டிங்ல கேப்பாங்க, நம்ம வானிலைக்காரி எப்படி இருக்கா, ஃபோன் பண்ணினாளான்னு.

பண்ணலை. ஒருதடவைகூட ஃபோன் பண்ணலை. ஒரே பக்கம்தான் பாப்பா. வீட்டை விட்டு வர்றப்போ என்னென்ன எடுத்துட்டு வரணும்னு ஒரு பக்கம் இருக்கு, நீங்க பாத்திருப்பீங்க. சர்டிஃபிகேட்டு, மாத்திரை, ஒரு செட்டுத் துணி. அதுல ரொம்ப நேரம் இருப்பா. அப்புறம் வானிலை. ஃபோன் எடுக்கிற பொண்ணு சொல்வா, தயாராயிட்டு இருக்காக்கா, இன்னும் கொஞ்ச நாள்தான், இந்தக் கதவைத் தட்டுவா பாருங்கன்னு. நான் ஒரு புது டவலும் சோப்பும் தனியா எடுத்து வெச்சிருந்தேன். வானிலைக்காரிக்குன்னு.

திடீர்னு ஒருநாள் வர்றதை நிறுத்திட்டா.

நாங்க என்ன நினைச்சோம் தெரியுமா? தப்பிச்சுட்டாடான்னு நினைச்சோம். அம்மா வீட்டுக்குப் போயிருப்பா, இனிமே நாம எதுக்கு அவளுக்குன்னு. எனக்கு அப்ப அதைப் பத்தி ரொம்ப யோசிக்க நேரம் இல்லை. லீவுல இருந்தேன். எம் பொண்ணு தவறிட்டா.

பரவாயில்லை தம்பி. நீங்க என்ன பண்ணுவீங்க. டீயைக் குடிங்க, ஆறிடும்.

ஒரே பொண்ணு. இந்தக் கம்ப்யூட்டர்ல எலியைப் புடிக்கிறதுக்குக்கூட அவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா. இப்படி அழுத்தாதேம்மா, அது செத்துப் போயிடும்பா. கல்யாணம் ஆகிப் போனப்புறமும் தினம் சாப்பாட்டு நேரத்துக்கு ஃபோன் பண்ணிடுவா. சாப்பிட்டியான்னு கேப்பா. அம்மா, சாயங்காலம் மழைன்னு போட்டிருக்கு, குடை எடுத்துட்டுப் போனியாம்பா. நாளைக்கு வெயில் கொளுத்துமாம், தண்ணி பாட்டில் மறக்காதேம்பா. என்னடி இது, டிவியில வானிலை சொல்றவ கெட்டா போன்னு நானே கிண்டல் பண்ணுவேன். எம் மேல பாசம்னு நினைச்சுக்கிட்டேன். பாசம்தான். பாசம் இல்லைன்னு சொல்லல.

மாப்பிள்ளை தங்கமான பையன்னு ஊரே சொல்லுச்சு. அத்தை, அத்தைன்னு மூச்சுக்கு மூச்சு கூப்பிடுவான். என் கையிலேர்ந்து பையை வாங்காம விடமாட்டான். நான் வேலை பாக்குற இடத்தைப் பத்தி அவனுக்குத் தெரியாது. கணக்கு எழுதுற ஆபீஸுன்னு சொல்லி வெச்சிருந்தேன், ரூல் அதானே. எம் பொண்ணுக்கு மட்டும் தெரியும். தெரிஞ்ச இடம்தானே, நம்பிக்கை இருந்திருக்கும்.

கோர்ட்டுல அவன் சொன்னதை நான் காதால கேட்டேன். சும்மாத்தான் இருந்தேன், வீட்டு டேப்லெட்ல எதைத் தொறந்தாலும் பெண்களுக்குப் பாதுகாப்பான ரூம், கதவுக்குப் புதுப் பூட்டு, விவாகரத்து வக்கீல்னு விளம்பரமா வந்துச்சு, யார் இதையெல்லாம் தேடினதுன்னு சந்தேகம் வந்துச்சு, கேட்டேன், பதில் சொல்லல, மாடிப்படியில தள்ளிட்டேன். இவ்வளவுதான். பருப்பு தீர்ந்து போச்சு, கடைக்குப் போனேங்கிற மாதிரி சொன்னான். எனக்கு அன்னைக்கு அந்த விளம்பரக் கதை மண்டையில ஏறலை. பொய் சொல்றான், பழியை அவ மேலயே போடப் பாக்குறான்னு நினைச்சேன்.

கேஸ் முடிஞ்சு சாமானைத் திருப்பிக் குடுத்தாங்க. ஒரு துணிப்பை. செருப்பு, கண்ணாடி, இந்த டேப்லெட்டு. ஆமா, இந்த டிராயர்லதான் வெச்சிருக்கேன். வீட்டுல வைக்க மனசு வரல.

இதை நான் எடுத்து சார்ஜ் போட்டேன். உள்ள ஒண்ணுமே இல்லை. சின்ன வயசுலேர்ந்தே அவ சுத்தக்காரி, பாத்தது தேடினது எல்லாத்தையும் துடைச்சு வெச்சிருந்தா. ஆனா பாட்டு கேக்கலாம்னு தொறந்தேன், ரூம் விளம்பரம் வந்துச்சு. அதை மூடினேன், பூட்டு விளம்பரம் வந்துச்சு. அவ என்ன துடைச்சும் அந்தக் கோடு போகலை, கோர்ட்டுல அவன் சொன்னது அப்பத்தான் மண்டையில ஏறுச்சு. இந்த மேஜையிலயே உக்காந்து நம்ம பக்கத்தோட பேரை நானே ஒவ்வொரு எழுத்தா அடிச்சேன்.

இருங்க, எந்திரிக்காதீங்க. நீங்க எழுதிட்டு இருக்கீங்களே, அந்த ரிப்போர்ட்டு, அதுல யாருக்காவது பாதிப்பு ஏற்பட்டதான்னு ஒரு கேள்வி இருக்காமே. டைரக்டரம்மா போறப்ப உங்ககிட்ட சொன்னது என் காதுல விழுந்துச்சு, எங்களுக்குத் தெரிஞ்சு யாருக்கும் இல்லைன்னு போட்டுருங்கன்னு. அவங்க பொய் சொல்லல. அவங்களுக்குத் தெரியாது. எம் பொண்ணு சாவுக்கு வந்து என் கையைப் புடிச்சு அழுதவங்க அவங்க. இதைச் சொன்னா அவங்க உடைஞ்சு போயிடுவாங்க, இந்த இடத்தையே மூடிருவாங்களோன்னு பயந்துதான் நானும் வாயைத் தொறக்கலை. மூடிட்டா இந்தக் கதவைத் தட்டுறவ எங்க போவா?

ஆனா இல்லைன்னு நீங்க எழுதிட்டுப் போயிட்டா அப்புறம் அது இல்லைதானே. நீங்க அதை அணைச்சதும் இந்தக் கட்டமும் போயிடும், புள்ளியும் போயிடும். யார் வந்தா, யார் போனான்னு ஒரு தடயமும் இருக்காது. நான் வாயால சொன்னா யார் நம்புவாங்க, பொண்ணைப் பறிகொடுத்தவ எதையோ உளர்றாம்பாங்க. அதான் காலையிலேர்ந்து உங்களை இழுத்தடிச்சுட்டு இருக்கேன். பாஸ்வேர்டு எங்கிட்டதான் தம்பி இருக்கு. டைரக்டரம்மாவுக்கு எந்தக் காலத்துல அதெல்லாம் ஞாபகம் இருந்துச்சு? மன்னிச்சுக்கோங்க. தரேன், தராம எங்க போகப் போறேன். இதை மட்டும் பாத்துருங்க.

நீங்க என்னைப் பாக்காதீங்க, அந்த ஸ்க்ரீனைப் பாருங்க. நான் இந்த டேப்லெட்ல பக்கத்தைத் தொறக்கிறேன். சம்மதமான்னு கேக்குது. வேண்டாம்னு அமுக்குறேன். அவளும் வேண்டாம்னுதான் அமுக்கியிருப்பா, எம் பொண்ணை எனக்குத் தெரியாதா.

கேட்டுச்சா, டிங்குன்னு? பச்சைப் புள்ளி எரியுதா? பக்கத்துல என்ன பேர் போட்டிருக்குன்னு படிங்க.

சத்தமா வேணாம் தம்பி. படிச்சீங்கன்னாப் போதும்.

அந்தப் பேரை அடிச்சது நான் இல்லை, ஃபோன் எடுக்கிற பொண்ணு. ஆனா பக்கத்துல உக்காந்து சிரிச்சது நான். எத்தனை மத்தியானம், இந்தப் புள்ளி அணையும், அடுத்த நிமிஷம் என் ஃபோன் அடிக்கும், அம்மா சாப்பிட்டியாம்மா, இன்னைக்கு மழைன்னு போட்டிருக்கும்மான்னு. ரெண்டும் என் காதுலதான் விழுந்துச்சு. எங்க பக்கத்துல கொட்டை எழுத்துல ஒரு வரி போட்டிருக்கோம், பாத்தீங்களா? நீங்க வந்தது உங்க வீட்டாருக்குக்கூடத் தெரியாது, நாங்க யாருக்கும் சொல்ல மாட்டோம்னு. உண்மைதான். அம்மாகிட்ட சொல்லல. புருஷன்கிட்ட சொல்லிட்டோம்.

கையை எடுங்க தம்பி, நான் அழல. காலையில வந்ததும் தினம் ஒருதடவை இதைத் தொறப்பேன். டிங்குன்னு வருவா. பேர் எரியும். மத்தவங்க வர்றதுக்குள்ள உள்ள வெச்சிருவேன். அதுக்குத்தான் உங்களை அணைக்க விடாம வெச்சிருந்தேன்னு நீங்க நினைச்சாலும் தப்பில்லை. அதுவும்தான்.

ஆனா வர்ற பொண்ணுங்க முதுகுல எல்லாம் இன்னைக்கும் அந்தக் கோடு விழுந்துட்டு இருக்கே. யார் வீட்டு டேப்லெட்ல இப்ப என்ன விளம்பரம் ஓடுதோ. அதனால எழுதிக்கோங்க, பாஸ்வேர்டு சொல்றேன். முதல்ல ரிப்போர்ட்டுல அந்த இடத்துல இல்லைங்கிறதை அடிங்க. ஆமான்னு போடுங்க. பேர் கேட்டா நீங்க இப்ப படிச்ச பேரையே போடுங்க, இந்தக் கட்டத்துக்கு அவளைத் தெரிஞ்சது அந்தப் பேர்லதான். டைரக்டரம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன், இன்னைக்கே சொல்லிடறேன்.

ஒரு நிமிஷம் பொறுங்க. இப்படி உள்ள இருக்கும்போதே அணைக்க வேணாம். அவ எப்பவும் அமுக்கித்தான் வெளிய போவா.

இந்த சாம்பல் கலரு கண்ணுக்கே தெரிய மாட்டேங்குது பாருங்க. ம், இதோ இருக்கு. அமுக்கிட்டேன்.

வானிலை வந்துருச்சு. சாயங்காலம் மழையாம் தம்பி, குடை எடுத்துட்டு வந்தீங்களா? புள்ளி போயிருச்சுல்ல? சரி, இப்ப அணைச்சிருங்க.